தைலமரத்துக்குப் போன சிட்டுகள்

எனக்கு வயிறு எரிகிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

வேலிக்கு இந்தப் பக்கம் என் கோஸ் மரம் முட்டைக்கோஸ் மாதிரித் தாம்பாளம் தாம்பாளமாக இலை விரித்து, ஆரஞ்சுப் பூக்களைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறது. எங்கள் ஹுவான் பெர்னாண்டஸ் தீவுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் தானாக முளைக்காத மரம். வேறெங்கும் பறக்காத எங்கள் சிவப்புத் தேன்சிட்டோ, அந்தப் பக்கம் என் மச்சினன் நெமேசியோவின் தைலமரத்தில் கும்மாளம் போடுகிறது. எந்த ஊரிலிருந்தோ கப்பலேறி வந்த மரம் அது. அதற்குத்தான் வாழ்வு.

மூன்று வருடமாக என் மரத்தில் விதை இல்லை. காய்ந்த பூவைப் பிய்த்தால் உள்ளே வெறும் பதர். போன புயலில் அடிமரம் வேறு பிளந்துவிட்டது. இந்த வசந்தத்தில் விதை பிடிக்காவிட்டால் அதன் வம்சம் அதோடு சரி.

வனக்காவல் வேலை பார்க்கும் யொலாந்தா வந்து பார்த்தாள்.

"வர்ற ஒண்ணு ரெண்டு சிட்டும் மூக்குல தைலமரப் பூந்தூளத்தான் அப்பிக்கிட்டு வருது. அத வச்சு இது எப்படிக் காய்க்கும்? வெளியூர் மரந்தானே, உங்க மச்சினன் சரின்னா வெட்டிரலாம்."

கோடாலியோடு போனேன். நெமேசியோ சிங்கி இறால் பொறிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, உன் மரத்த வெட்டணும்."

"ஏன் மச்சான், உன் வீட்டுக்கு வராத விருந்தாளி என் வீட்டுல சாப்பிட்டா உனக்கு ஏன் குத்துது?"

"வெதை வேணும்டா எனக்கு."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "படகுல இருந்து பாக்கும்போது இந்த மர நுனியும் யுங்கே மலை உச்சியும் ஒரே நேரா வந்தா, அங்கதான் எங்கப்பா விட்டுட்டுப் போன, பொறி போடுற பாறை. மரம் போச்சுன்னா கடல்ல நான் எங்கன்னு தேட?"

"ஜிபிஎஸ் வாங்கு."

"அதுல ஏத்துனா நாளைக்கு ஊரே அங்க பொறி போடும்."

அடுத்தவன் கடல் குறியில் கை வைத்தால் இந்த ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். திரும்பினேன். வேலியோரம் என் மனைவி எல்சிரா நின்றாள்.

"எந் தம்பி சோத்துல மண்ணப் போடப் போனீங்களாக்கும்?"

யொலாந்தா ஒரு தூரிகை கொடுத்தாள். கையாலேயே மகரந்தம் தடவ வேண்டும், அதுவும் வேறொரு கோஸ் மரத்துத் தூளாக இருக்க வேண்டும் என்றாள். ஊரில் அப்போது பூத்திருந்த இன்னொரு கோஸ் மரம் எங்கே இருந்தது? நெமேசியோ வாசலில்.

தினமும் காலையில் போய் அவன் வாசலில் தூரிகையோடு நின்றேன்.

"இந்த வயசுல சிட்டாயிட்டியே மச்சான்," என்றான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விதை பிடித்தது. கைநிறைய. "பாதி எந் தம்பி வீட்டுது," என்றாள் எல்சிரா. சரி, போகட்டும். விதைத்தேன், கன்றுகளும் வந்தன.

நெமேசியோ பார்க்க வந்தான். குனிந்து ஒவ்வொரு கன்றாகப் பார்த்தான்.

"இது வளந்து பூக்கும்போது என் தைலமரம் இன்னும் ஒசந்திருக்கும். சிட்டு இங்க எறங்காது மச்சான். உனக்கப்புறம் யாரு தடவுவா?"

நான் ஒரு கன்றின் தூரில் மண் அணைத்தேன்.

"எனக்குக் கத்துக்குடு," என்று கை நீட்டினான். இந்த முறை கேலி இல்லை. அவன் சொன்னதும் நியாயம்தான்.

தூரிகையைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளிக்கொண்டேன். சிட்டெல்லாம் அவனிடம். இதுவும் அவனுக்கு வேண்டுமாம்.