தொண்ணூறு நாள் பூட்டு

இணையதளங்களுக்குப் பூட்டு மாட்டச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் தெரியுமே, அதுதான். அது இருந்தால் வருகிறவர்கள் தைரியமாக உள்ளே வருவார்கள். இல்லையென்றால் 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் ஊரைக் கூட்டிவிடும். பூட்டுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அதை சர்வரில் ஏற்றத் தெரியாதவர்கள் எங்கள் நிறுவனத்துக்கு போன் செய்வார்கள். வாடகை அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாளைக்கு முப்பது பேருடன் பேசுகிறேன். வேலை முடிந்ததும் வைத்துவிடுவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நானும் அப்படித்தான் வைப்பேன்.

பல்செட் அக்கா முதல் தடவை கூப்பிட்டபோது ஒரு மணி நேரம் என் உயிரை எடுத்தார். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் பட்டறை அவருடையது. முதலாளி, தொழிலாளி எல்லாம் அவரே. ஆர்டர்கள் இணையதளம் வழியாகத்தான் வரும். சான்றிதழ் என்பது வரிவரியாக எழுத்துகள்தான், அப்படியே நகலெடுத்து ஒட்ட வேண்டும். எத்தனை தடவை ஒட்டினாலும் சர்வர் ஏற்க மாட்டேன் என்றது. கடைசியில் பார்த்தால், முதல் வரியையும் கடைசி வரியையும் வெட்டி எறிந்துவிட்டு நடுவில் இருந்ததை மட்டும் ஒட்டியிருக்கிறார்.

"அந்த ரெண்டு வரியிலயும் கோடு கோடா இருந்துச்சு தம்பி. அழகுக்குப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

"அழகுக்கா? இது என்ன கல்யாணப் பத்திரிகையா அக்கா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சிடுசிடுன்னு பேசுறே, ஆனா பாதியில வச்சிட்டுப் போகல. அடுத்த தடவையும் உன்கிட்டயே பேசுறேன், உன் நேர் நம்பரைக் குடு" என்றார்.

அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் தொண்ணூறு நாள். சர்வரில் ஒரே ஒரு வரி எழுதி வைத்துவிட்டால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். எல்லாருக்கும் அதைச் செய்துகொடுத்த பிறகுதான் போனை வைப்பேன். அக்காவுக்குச் செய்யவில்லை. முதல் தடவை மறந்துபோனேன், சத்தியமாக. இரண்டாவது தடவை மறக்கவில்லை.

அப்படி நான்கு தடவை கூப்பிட்டார். சான்றிதழ் வேலை பத்து நிமிடம், பேச்சு ஒரு மணி நேரம். கடைவாய்ப் பல்லுக்கு நிறம் கலப்பது எவ்வளவு கஷ்டம் என்பார். "கஞ்சன் மாதிரி வார்த்தையை எண்ணி எண்ணிப் பேசுறியே, உனக்கு வீட்டுல யாரும் இல்லையா?" என்பார். இல்லை என்பேன். அதற்கு அவர் ஐயோ பாவம் என்று சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. அவர் கூப்பிடும் நாளில் காலையிலேயே சவரம் செய்துகொள்வேன். போனில் யார் பார்க்கப் போகிறார்கள்?

அதற்கடுத்த கெடு வந்தபோது காய்ச்சலில் சுருண்டு கிடந்தேன். என் நம்பருக்கு வரும் அழைப்புகளை நிறுவனம் வேறு ஆளுக்குத் திருப்பிவிட்டிருந்தது. ஆறாம் நாள் ஹெட்போனை மாட்டியதும் முதல் அழைப்பே அக்காதான்.

"வேற யாரோ எடுத்தாங்க தம்பி, ரெண்டு தடவையும். பேசக் கூச்சமா இருந்துச்சு, வச்சிட்டேன். அதுக்குள்ள பூட்டு போயிருச்சு. பெரிய கிளினிக் ஒண்ணு, மாசாமாசம் நாப்பது செட்டு எடுப்பாங்க. தளம் ஆபத்துன்னு காட்டுதுன்னு வேற பட்டறைக்குப் போயிட்டாங்க. தப்பு என்மேலதான். இத்தனை தடவை சொல்லிக்குடுத்தும் என் மண்டையில ஏறல."

அவர் தன்னைத் திட்டிக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உங்க மேல தப்பு இல்லக்கா. தானா புதுப்பிச்சுக்கிற மாதிரி மொதல்லயே பண்ணியிருக்கலாம். எல்லாருக்கும் பண்ணிக்குடுப்பேன். உங்களுக்குப் பண்ணல."

"ஏன்?"

"பண்ணிட்டா நீங்க கூப்பிட மாட்டீங்க."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பல் அரைக்கும் மெஷினை நிறுத்தினார்.

"பேசணும்னா பேசணும்னு சொல்லியிருக்கலாமே" என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "சரி, இப்பப் பண்ணு."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், அவர் தட்டினார். இந்தத் தடவை எதையும் வெட்டி எறியவில்லை. பூட்டு வந்துவிட்டது என்றார். வேலை கிடக்கிறது என்றார். வைத்துவிட்டார்.

அடுத்த கெடு நாளன்று அவருடைய தளத்தைத் திறந்தேன். சான்றிதழில் தேதி ஏற்கெனவே மாறியிருந்தது. ஏதாவது கோளாறு இருந்தால் வாடிக்கையாளரை நாங்களே கூப்பிடலாம், இல்லாவிட்டால் கூடாது, அது நிறுவன விதி. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து தேடினேன். ஆர்டர் படிவத்தைக்கூடச் சோதித்தேன். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது.