படுக்கை காலியில்லை

1

நான் கூட்டத்தில் கண்ணயர்ந்ததால் பிறந்த கதை இது. சாங்லாயா ஆற்று மருத்துவமனைகளின் ஆண்டு விழாவுக்கு வரலாறு எழுத ஆள் வேண்டும் என்று சபைக் குழு பேசிக்கொண்டிருந்தது. கண் விழித்தபோது எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் தலையாட்டிச் சம்மதித்தேனாம். தூக்கத்தில் ஆடிய தலை அது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒரு வகையில் குழு சொன்னதும் சரிதான். அந்த ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகடுகளில் ரத்தத் துளி வைத்து மலேரியா தேடித்தான் எனக்கு வயதானது. நடந்ததை நேரில் பார்த்தவர்களில் எழுதத் தெரிந்தவள் நான். (எழுதத் தெரியும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. முடிவில் நீங்களே சொல்லுங்கள்.)

2

முதல் தொடக்கம்: 'கடவுளின் திருவுளத்தால், கடல் கடந்து வந்த ஊழியர்கள் இக்கரையில் அன்பின் விளக்கை—'

வேண்டாம். எல்லா விழா மலரிலும் இந்த விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது: 'ஆறு கடலைத் தொடும் இடத்தில், பைன் மரக் கால்களின் மேல் நின்ற அந்த நீளமான கட்டடம்—'

இதுவும் நிஜம்தான். ஆனால் கட்டடத்தைப் பற்றி எழுத எழுத அதற்குள் ஒரு ஆளும் வரவில்லை. கிழித்தேன்.

சபை இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய நாளை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அதை மூட வந்த நாள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

3

எழுபதுகளின் தொடக்கம். ஆஸ்பத்திரியை நடத்திவந்த வெளிநாட்டுச் சபை, லின்ட் என்பவரை அனுப்பியது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் எழுந்து செய்தியைச் சொன்னார். இனி தங்களால் தாங்க முடியாது. ஆஸ்பத்திரியின் ஒரே டாக்டரான எம்மெரிக் ஊர் திரும்புகிறார். சாமான்கள் தலைநகருக்குப் போகும். நோயாளிகளும் அங்கே போகலாம்.

எங்கள் ஆற்றிலிருந்து தலைநகருக்கு அன்று சாலை கிடையாது.

(முதல் வரைவில் லின்டுக்கு மெல்லிய உதடும் குரூரப் புன்னகையும் கொடுத்திருந்தேன். பொய். வெயிலில் மூக்கு உரிந்துபோன, சாதுவான மனிதர். அந்தச் செய்தியைச் சொல்லும்போது அவர் தரையைத்தான் பார்த்தார்.)

சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி டோரெத்தா எழுந்தார். ஆறு முழுக்க அவரை ஆன்ட்டி என்றுதான் அழைக்கும். எங்கள் மொழியிலேயே அத்தைக்கு அதுதான் சொல். இப்போது கட்டிலில் படுத்திருப்பவர்களின் கதி என்ன என்று கேட்டார். ஆறுதலாக இருக்கட்டும் என்று லின்ட் வாக்குக் கொடுத்தார்: யாரையும் வெளியேற்ற மாட்டோம், கடைசி நோயாளி நடந்து வீட்டுக்குப் போன பிறகுதான் கதவைப் பூட்டுவோம்.

ஆன்ட்டி மிக இனிமையாக நன்றி சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர் அதுவரை யாருக்கும் இனிமையாக நன்றி சொன்னதில்லை.

4

மறுநாள் காலை நான் வேலைக்குப் போனபோது எல்லாக் கட்டில்களிலும் பெண்கள். மீன் விற்பவர்கள், மரவள்ளி நடுபவர்கள், பாடகர் குழுவின் உச்சக்குரல்காரிகள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு அருகிலிருந்த கட்டிலில் ஆன்ட்டி.

லின்ட் வந்து அவர் தலைமாட்டில் நின்றார்.

"உங்களுக்கு என்ன செய்யுது?"

"நெஞ்சு அடைக்குதுய்யா. நேத்துச் சர்ச்சுல ஒரு சேதி கேட்டேன், அப்போலேருந்து."

"எப்ப சரியாகும்?"

"அது அந்தச் சேதியப் பொறுத்தது."

அவர் தலைமை நர்ஸ் ஓர்லிண்டாவைத் திரும்பிப் பார்த்தார். இந்த இடத்தில் என் பேனா தயங்குகிறது. ஓர்லிண்டா விதியை மீறாதவள். தன் சொந்தத் தங்கையையே, பார்வை நேரம் முடிந்துவிட்டதென்று வெளியே அனுப்பியவள். அவள் எல்லோரையும் எழுப்பி விரட்டினாள் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். அவள் செய்தது வேறு. தெர்மாமீட்டரை உதறி ஆன்ட்டியின் வாயில் வைத்தாள். பிறகு வார்டைப் பார்த்துச் சொன்னாள்:

"படுத்திருந்தா நோயாளி. நோயாளின்னா நான் சொல்றபடி கேக்கணும். வம்பு பேசக் கூடாது. வாழைப்பழக் கூழ் மட்டுந்தான். வறுத்த மீனை எவளாவது உள்ள கொண்டுவந்தா, அவ பூரணமா குணமாயிட்டான்னு எழுதிடுவேன்."

வாரங்கள் ஓடின. ஒரு கிராமத்துப் பெண்கள் களைத்தால் அடுத்த கிராமத்துப் படகு வந்து நிற்கும். உண்மையான காய்ச்சல்காரர் வந்தால் ஒருத்தி உடனே எழுந்து இடம் கொடுப்பாள். வீடுகளில் கணவன்மார் சோற்றைக் கருக்கிக்கொண்டிருந்தார்கள். லின்ட் தன் வாக்கைக் காப்பாற்றினார், ஒருவரையும் தொடவில்லை. ஆனால் அறுவை அறையில் யாரும் படுத்திருக்கவில்லை. அதன் மேசையையும் கருவிகளையும் பெட்டிகளில் அடைத்து, தன் கையாலேயே ஆணி அறைந்து, படகுத்துறையில் அடுக்கினார்.

5

ஒரு நண்பகல், மேல் ஆற்றிலிருந்து ஒரு மரத்தோணி வந்தது. உள்ளே ஃபெலிமா என்ற இளம்பெண். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. வலி கண்டு வெகுநேரம் ஆகியிருந்தது. கணவன் அவளைத் தூக்கிக்கொண்டு மேடேறி வந்தான்.

டாக்டர் எம்மெரிக் அவளைத் தொட்டுப் பார்த்தார். உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும் என்றார். அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. மேசை துறையில் இருந்தது. கத்திகளும் துறையில்தான்.

இங்கே ஒரு பிரசங்கம் எழுதி வைத்திருந்தேன், ஓர்லிண்டா லின்டைப் பார்த்து நெருப்பாகப் பேசுவதாக. 'உங்கள் ஆணிகள் ஒரு தாயின்—' அடித்துவிட்டேன். அவள் பேசவில்லை. அவளுக்கு நேரமில்லை; வெந்நீர் வைக்க ஓடினாள்.

லின்டும் ஓடினார். நான் அவர் பின்னால் போனேன். கடப்பாரையை எடுத்து, தான் அறைந்த ஆணிகளைத் தானே பெயர்த்தார். உள்ளங்கை கிழிந்தது. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது துறை முழுக்கப் போர்வை போர்த்திய பெண்கள். அத்தனை நோயாளிகளும் எழுந்து வந்திருந்தார்கள்.

"தூக்குங்கடி," என்றார் ஆன்ட்டி.

மேசை அவர்கள் தோளில் ஏறியது. சரிவில் வழுக்காமல் இருக்க யாரோ மெதுவாகப் பாடத் தொடங்க, அந்தத் தாளத்துக்குக் கால் வைத்து அதை உள்ளே கொண்டுபோனார்கள். மின்சாரம் இல்லை. சன்னல்களை எல்லாம் திறந்து பகல் வெளிச்சத்தில் எம்மெரிக் அறுத்தார். என் வேலை ரத்தம் பொருத்திப் பார்ப்பது. ரத்தம் கொடுக்க நின்ற வரிசையில் முதலில் கையை நீட்டியவர் லின்ட். பொருந்தியதும் அவருடைய ரத்தம்தான்.

குழந்தை அழுதது. வெளியே புல்லில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைக் கேட்டு எழுப்பிய சத்தத்தை எழுத மூன்று முறை முயன்றேன். 'கடலைப் போல', 'இடியைப் போல'... இல்லை. பெண்கள் சத்தம் போட்டார்கள். அவ்வளவுதான்.

ஃபெலிமா பிழைத்தாள்.

6

மாற்று முடிவுகள், நண்பர்கள் வற்புறுத்தியதால்:

அ) லின்டுக்கே குடல்வால் வெடித்து, அதே மேசையில் உயிர் பிழைக்கிறார். (அழகுதான். அவர் குடல்வால் நன்றாக இருந்தது.)

ஆ) அந்தக் குழந்தை வளர்ந்து ஆஸ்பத்திரியின் இயக்குநராகிறாள். (அவள் இன்று துறையில் தேங்காய் ரொட்டி விற்கிறாள். கேட்டதற்கு, "எனக்கு ரத்தத்தப் பாத்தாலே மயக்கம் வரும், அக்கா" என்றாள்.)

நடந்தது இதுதான். எங்கள் ஆற்றுக்காரர்களே நடத்தும் சொந்தச் சபையின் மாநாட்டுக்கு லின்ட் கையில் கட்டுடன் வந்தார். மூட வந்த ஆஸ்பத்திரியை எங்களிடமே ஒப்படைக்க வெளிநாட்டுச் சபையைத் தான் சம்மதிக்க வைப்பதாகச் சொன்னார். பயந்தவர்கள் எங்கள் போதகர்கள்தான். மூத்தவர் ஒருவர், நமக்குப் பிரசங்கம்தான் தெரியும், ஆஸ்பத்திரி நடத்தத் தெரியுமா என்று கேட்டார்.

ஓர்லிண்டா அனுமதி கேட்டு எழுந்தாள்.

"பிரசங்கம் நீங்க பண்ணுங்கய்யா. ஆஸ்பத்திரிய நாங்கதான் இத்தன வருஷமா நடத்திட்டு வர்றோம். டாக்டர் லீவுல போனப்பல்லாம் யாரு நடத்துனதா நெனச்சீங்க?"

யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு கைகள் உயர்ந்தன. எம்மெரிக் தன் பயணப்பெட்டியைப் பிரித்து, எங்கள் ஆற்றுப் பையன்கள் டாக்டராகித் திரும்பும்வரை இருந்தார். ஓர்லிண்டா நிர்வாகி ஆனாள். அவள் தொடங்கிய நர்ஸ் பள்ளியில் படித்தவர்கள் இல்லாத கரை இன்று இல்லை. ஒன்றாக இருந்த ஆஸ்பத்திரி ஆற்றின் மேலே மேலே ஏறியது, வளைவுக்கு ஒரு மருத்துவ நிலையமாக. ஒரு புயல் அவற்றில் இரண்டைப் பிடுங்கிப் போட்டது. திரும்பக் கட்டினோம். உள்நாட்டுப் போர் வந்தபோது இரண்டு பக்கத்தாரும் துப்பாக்கியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள்.

7

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் ஆறு பிறக்கும் மேட்டில் புதிய மருத்துவமனை ஒன்று திறக்கப்போகிறது. அன்று முதன்முதலில் கட்டிலில் படுத்த பெண்தான் நாடாவை வெட்ட வேண்டும் என்று குழு தீர்மானித்திருக்கிறது. வரலாறு எழுதும் நான் பெயரைச் சொல்ல வேண்டுமாம்.

விசாரித்தேன். ஒவ்வொரு கிராமத்திலும் முதலில் படுத்தவள் ஒருத்தி இருக்கிறாள். ஒவ்வொருத்திக்கும் சாட்சிகள் இருக்கிறார்கள். இறந்துபோனவர்களின் சார்பில் மகள்கள் வந்து சண்டை போடுகிறார்கள். ஆன்ட்டியின் குடும்பம் தனியாக வந்து என்னை மிரட்டிவிட்டுப் போனது. நான் போனபோதே எல்லாக் கட்டில்களும் நிறைந்திருந்தன, எனக்குத் தெரியாது.

ஆகவே கடைசி வரியை இப்படி விடுகிறேன்: 'நாடாவை வெட்டியவர் —————.'

நீங்கள் நிரப்புங்கள். யார் பெயரைப் போட்டாலும் மற்றவர்கள் எல்லோரும் படகேறி உங்களைத் தேடி வருவார்கள். பயப்படாதீர்கள். திட்டுவதற்கு முன்பு துறையிலிருந்து மேடேறும்போது பாடிக்கொண்டுதான் வருவார்கள். அதை நீங்கள் கேட்க வேண்டும்.