ஏழு வருடத்துப் புதுப்பெண்

"மருமகளா? புதுப்பொண்ணு மாதிரி இருக்காங்களே!" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

சாமான் வண்டி இன்னும் வாசலை விட்டு நகரவில்லை. மருமகளின் கையில் ஐஸ் டப்பா இருந்தது. உள்ளே ஊசிமருந்து. சூடு பட்டால் வீணாகிவிடுமென்று வழி நெடுக அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ஆமாம்மா, கல்யாணமாகி மூணு மாசந்தான் ஆகுது" என்றாள் மாமியார், கண்ணை இமைக்காமல்.

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் எவர் மாட்டிக்கொண்டாலும் கதவைத் திறந்துவிடுகிறவன் தன் வாயை மட்டும் திறக்கவில்லை. சாமான் இறக்குகிற சாக்கில் மெத்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

எதிர்வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க மாமியாருக்குத் தோன்றவில்லை. பொய் எடுபட்ட சந்தோஷம் அவளுக்கு.

"பழைய தெருவுல 'விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா'ன்னு கேட்டுக் கேட்டு என் காது புண்ணாச்சு. இங்கயாவது கொஞ்ச நாள் நிம்மதியா இருப்போம். உனக்காகவும்தான் சொன்னேன்."

மாமியாரின் காது புண்ணானது உண்மைதான். அந்த விசேஷத்துக்காக ஊசி ஊசியாகக் குத்தி உடம்பே புண்ணானது யாருக்கு என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அன்று மாலை துணி மூட்டையைப் பிரிக்கும்போது மாமியார் கையில் ஒரு மஞ்சள் நூல் தொப்பி அகப்பட்டது. உள்ளங்கையளவு குழந்தைத் தொப்பி. மூன்று வருடத்துக்கு முன் சிகிச்சை பலித்து, வயிறு தெரிய ஆரம்பித்தபோது மருமகள் பின்னியது. ஆறாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. பெண். அழவில்லை. பார்த்தால் மறக்க முடியாது என்று சொல்லி, பெற்றவளுக்குக் காட்டாமலே துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

"இன்னுமா இத வச்சிருக்க? புதுசா கல்யாணமானவ வீட்டுல இது எதுக்கு? தூக்கிப் போடு."

மருமகள் அதை வாங்கித் தலையணை உறைக்குள் செருகிக்கொண்டாள்.

சொன்ன பொய்க்குத் தகுந்த மாதிரி நடிக்கவும் வேண்டியிருந்தது. "என்ன மாப்பிள்ளை, பொண்டாட்டிய எங்கயும் கூட்டிட்டுப் போறதில்லையா?" என்று எதிர்வீட்டுக்காரி கேலி செய்ததில், இருவரும் மாலையில் நடக்கக் கிளம்பினார்கள். அவன் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். மூக்கில் ஒட்டிக்கொண்டதை அவன் துடைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறு நிமிடமே மஞ்சள் தொப்பி நினைவுக்கு வந்தது. மூன்று மாதக் கல்யாணத்தில் அந்தக் குழந்தைக்கு இடம் ஏது? ஒரு தடவை புதைத்தவளை இன்னொரு தடவையும் புதைத்தாயிற்று.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பழைய ஊர் டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொல்லி அனுப்பியிருந்தாள். "எங்க போனாலும் அந்தக் குழந்தையப் பத்தி முதல்ல சொல்லிடும்மா. உனக்குக் கர்ப்பப்பை வாய் சீக்கிரமே திறந்துக்குது. அடுத்தது தங்கினா முன்னாடியே தையல் போடணும். மறைச்சா அதுவும் கை நழுவிடும்."

"முதல்ல தங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பது மாமியாரின் தீர்ப்பு. தெருவில் யார் கண்ணிலும் படாமல் இருக்க, இரண்டு பஸ் மாறிப் போகிற ஆஸ்பத்திரியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள்.

மூவரும் போனபோது, அங்கே விவரம் கேட்கிற அறையில், வெள்ளை உடுப்பில், எதிர்வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள்.

மாமியாரின் முகத்தில் ஈயாடவில்லை. எதிர்வீட்டுக்காரி எதையும் காட்டிக்கொள்ளாமல், எல்லாரிடமும் கேட்கிற குரலிலேயே கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி கர்ப்பம் தங்கியிருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. இப்பத்தானே கல்யாணமாச்சு" என்று முந்திக்கொண்டாள் மாமியார். மருமகளின் முழங்கையை அவள் விரல்கள் அழுத்தின.

மருமகள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"கல்யாணமாகி ஏழு வருஷம் ஆச்சுக்கா. ஒரு பொண்ணு பொறந்தா. ஆறாம் மாசம். உசுரு இல்ல."

எதிர்வீட்டுக்காரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

"என்ன எடை இருந்தா?"

"தெரியாதுக்கா. நான் பார்க்கல. எனக்குக் காட்டல."

"அறுநூறு கிராம்" என்றான் கணவன்.

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் தூக்கிட்டுப் போனேன். இந்த ரெண்டு கையிலயும் அடங்கிட்டா. தலை நிறைய முடி. நெத்தி அப்படியே இவ நெத்தி." மூன்று பெண்கள் நடுவில் அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

அவளுக்கு அழத் தோன்றவில்லை. மூன்று வருடமாக முகமே இல்லாதிருந்த மகளுக்கு ஒரு நெற்றி வந்திருந்தது, முடி வந்திருந்தது. இதை அவனும் இத்தனை நாள் தனியாகவே சுமந்திருக்கிறான். பேசாதே என்று கட்டியது அவள் வாயை மட்டுமல்ல என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திரும்பும் பஸ்ஸில் மாமியார் முன் சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மருமகள் கணவனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"என்னங்க, அந்தத் தொப்பி அவளுக்குச் சரியா இருந்திருக்குமா?"

அவன் இரண்டு கைகளையும் சேர்த்து அளவு பார்த்தான். "பெருசுதான். கண்ணு வரைக்கும் இறங்கியிருக்கும்."

அப்போதுதான் அவள் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் தலையணை உறைக்குள்ளிருந்து தொப்பியை எடுத்து, முன்னறை அலமாரியில், உள்ளே நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற தட்டில் வைத்தாள்.

மாமியார் பதறிப்போனாள். "மானத்த வாங்கினது போதாதா? வர்றவங்க இது யாரோடதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"உங்க பேத்தியோடதுன்னு சொல்லுங்க அத்தை."

சொல்லிவிட்டு, ஊசி போடுகிற நேரம் ஆகிவிட்டதால், மருந்தை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.