சிவப்புக் குறி போட்ட மரம்

ருவான்வெல்லைக் கடைத்தெருவில் தங்கையா விடியற்காலையிலேயே கடையைத் திறந்துவிடுவார். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் பாண் ரொட்டியும் வெற்றிலையும் வாங்கிப் போவார்கள். சிங்களவரிடம் சிங்களத்தில் குழைவார், தமிழரிடம் தமிழில் குழைவார். யாராவது அரசியல் பேச்செடுத்தால் மட்டும் மனிதருக்குக் காது அடைத்துவிடும்.

2015இல் மதுஷா வந்தபோதும் அப்படித்தான். பக்கத்துத் தோட்டத்துப் பெண் அவள். கேகாலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் உலக ஒப்பந்தத்தில் இலங்கை இன்னும் சேரவில்லை, சேரச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதுகிறோம் என்று கையெழுத்துக் கேட்டாள்.

“அது வடக்குல உள்ளவங்க பிரச்சினை புள்ள. இங்க தமிழாளுங்க நாங்க பத்துக் குடும்பந்தான் இருக்கோம். இதுல எம் பேரு இருக்குன்னு தெரிஞ்சா நாளைக்குக் கடைக்கு யாரு வருவா?”

“ஒரு கையெழுத்துதாங்க மொதலாளி.”

“வேற கடையப் பாரும்மா.”

அவருடைய பயமும் பொய்யில்லை. எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் அப்பாவின் கடை எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி இராஜகுமாரி வடக்கே வவுனியாப் பக்கம் போனாள். எழுபத்தேழு கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி அங்கே குடியேறிய அக்காவின் பேத்திக்குச் சடங்கு. சமையலுக்கு விறகு போதவில்லை. அக்கா விருந்தாளிகளோடு இருந்ததால், யாரிடமும் சொல்லாமல் காட்டோரம் போனாள். ஒரு மரத்தில் சிவப்பு மை அடித்திருந்தது. அவள் பிறந்த ரப்பர் தோட்டத்தில் சிவப்புக் குறி போட்டால் அது வெட்டப்போகிற மரம். கீழே கிடக்கும் சுள்ளியை யாரும் பொறுக்கலாம். இங்கே அந்தக் குறிக்குப் பொருள் சொல்லும் ‘கண்ணிவெடி, கிட்டே வராதே’ என்ற பலகை மழையில் விழுந்து புதருக்குள் கிடந்தது. நாலு எட்டு வைத்தாள், வெடித்தது.

“நம்ம தோட்டத்துல மாதிரின்னு நெனச்சிட்டேங்க,” என்றாள் ஆஸ்பத்திரியில், ஏதோ தான் தப்புச் செய்துவிட்டதைப் போல. தங்கையாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போர்வைக்கு அடியில் இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

அடுத்த வருஷம் மதுஷா மறுபடி அந்தத் தெருவுக்கு வந்தாள். இந்தக் கடையை மட்டும் தாண்டிப் போகப் பார்த்தாள். தங்கையா ஓடிப்போய் வழிமறித்து, தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே போட்டிருந்தாலும் மனைவியின் கால் தப்பியிருக்காது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை.

“இனியாவது அரசாங்கம் சேந்துருமா புள்ள?”

“தெரியலைங்க மொதலாளி. நாட்டுப் பாதுகாப்பு, யோசிக்கணும்னே சொல்லிக்கிட்டு இருக்காங்க.”

கடைக்குள் முக்காலியில் உட்கார்ந்து பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த இராஜகுமாரி தலையைத் தூக்கினாள். பக்கத்தில் கக்கத்துக் கட்டை சுவரில் சாய்ந்திருந்தது.

“அவங்கள மட்டும் சொல்லி என்ன புள்ள பண்ண? போன வருசம் நாங்களும் நமக்கென்னன்னுதானே இருந்தோம். அடுத்தவங்க காலுதானேன்னு எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு நின்னா, அந்தச் சனியன் மண்ணுக்குள்ளயேதான் கெடக்கும். மிதிக்கிறது யாரு காலுன்னு அதுக்குத் தெரியுமா?”