முப்பத்தேழு ஓட்டு

கட்சியின் கதையைப் படம் பிடிக்க வந்த பெண் தையற்கடைக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கொடி தைச்ச மெஷின் எதும்மா?" என்பதுதான்.

அந்தக் கால் மெஷினை விற்று ஆறு வருடம் ஆகிறது என்று தையற்காரம்மா சொன்னதும் பெண்ணின் முகம் வாடிவிட்டது. பிறகு தன்னையே தேற்றிக்கொண்டு, "பரவாயில்ல, இதுலயே தைங்க. பச்சைத் துணி ஏதாவது இருக்கா?" என்றாள். ஒரு பள்ளிச் சீருடை பச்சையாக இருந்தது. தைத்து முடித்த மடிப்பின் மேலேயே தையற்காரம்மா இன்னொரு முறை ஊசியை ஓட்டினாள்.

பக்கத்து ஸ்டூலில் ஓய்வுபெற்ற தபால்காரர் காலரைச் சரிசெய்தபடி தன் முறைக்காகக் காத்திருந்தார். தெருவில் அவரை யாரும் தபால்காரர் என்று சொல்வதில்லை. 'முப்பத்தேழு' என்றால்தான் தெரியும். கட்சி முதன்முதலில் ஜெயித்தது முப்பத்தேழு ஓட்டு வித்தியாசத்தில். பதினோரு வருடமாக யார் எதைப் பேசினாலும் அவர் பேச்சை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுவார். மழை பெய்தாலும் முப்பத்தேழு, பல் வலித்தாலும் முப்பத்தேழு.

"எல்லாரும் சிரிச்சாங்கம்மா," என்று அவர் கேமராவைப் பார்த்து ஆரம்பித்தார். "செடிக் கட்சின்னு பேரு வெச்சாங்க. ஓட்டுப் போட்டா ஒரு தொட்டிச் செடி குடுப்பீங்களான்னு கேட்டாங்க. நகரசபையில முப்பது இடம், நாங்க நின்னது ஒரே ஒரு இடத்துல. எண்ணி முடிச்சு அதிகாரி நம்ம வாத்தியார் பேரைப் படிக்கிறாரு, என்னால நம்ப முடியல. கனவான்னு பக்கத்துல இருந்தவரைக் கிள்ளிப் பார்த்தேன். அவரு எதிர்க்கட்சிக்காரரு!"

பெண் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கேமரா தையற்காரம்மாவின் பக்கம் திரும்பியது. அன்றைக்கு உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"ஷட்டரை இறக்கிட்டு நானும் என் தங்கச்சியும் கட்டிப் பிடிச்சு அழுதோம். சந்தோஷத்துலதான். இனிமே இந்தத் தெருவுல நம்ம பிள்ளைங்க நல்லா மூச்சு விடும்னு அவ சொன்னா." தையற்காரம்மா மெஷினிலிருந்து காலை எடுத்தாள். "அப்புறம் நடந்ததையும் சொல்லணும். எடுத்துப்பீங்களா?"

"எல்லாத்தையும் சொல்லுங்கம்மா," என்றாள் பெண்.

அவளும் சொன்னாள்.

அப்போது தெருக்கோடியில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலை ஒன்று இருந்தது. கொடியில் காயும் துணியெல்லாம் மாலைக்குள் சாம்பல் பூத்துவிடும். கடையில் வெள்ளைத் துணியை பிளாஸ்டிக் உறைக்குள்தான் வைக்க வேண்டும். பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்த வாத்தியார், வீடு வீடாக ஜன்னல் கட்டைகளை ஈரத்தாளால் துடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்த முடிவைப் படித்த அன்றே தேர்தலில் நிற்பது என்று முடிவு செய்தார். ஆலையை மூடுவோம், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நகரசபை வேறு வேலை கொடுக்கும். வாக்குறுதி இவ்வளவுதான்.

ஆலைத் தொழிலாளர்கள் அதே வட்டாரத்தில் குடியிருந்தவர்கள். அவர்கள் ஓட்டு இல்லாமல் ஜெயிக்க முடியாது. ஆனால் வாத்தியாரைத் தூரத்தில் பார்த்தாலே உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்கள். தையற்காரம்மாவின் தங்கை கணவர் அங்கே உலை பார்த்தவர். அதனால் அந்த வீடுகளுக்குள் உரிமையோடு போகக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான். தங்கையையும் கூட்டிக்கொண்டு, அளவு எடுக்கும் சாக்கில் இருபத்திரண்டு வீடுகளுக்குப் போனாள். "வேலை போயிடாது. வேற வேலை வரும். வாத்தியார் வாக்கு குடுத்திருக்காரு, நான் பொறுப்பு," என்று இருபத்திரண்டு வீட்டிலும் சொன்னாள். முப்பத்தேழு ஓட்டு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரியும், தபால்காரருக்கும் தெரியும்.

வாத்தியார் வாக்கில் பாதியைக் காப்பாற்றினார். நகரசபையில் தனியாளாக மல்லுக்கட்டி, ஒரே வருடத்தில் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்கவிடாமல் செய்தார். மீதிப் பாதி 'பரிசீலனையில்' இருப்பதாகக் கடிதம் வந்துகொண்டே இருந்தது. ஆலை முதலாளி அலட்டிக்கொள்ளவில்லை. உலைகளைக் கழற்றி லாரியில் ஏற்றினார். மலைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில் உள்ள சின்ன ஊரில் இறக்கினார். அங்கே கேள்வி கேட்க ஒரு வாத்தியாரும் இல்லை. தங்கை கணவர் நகரசபை வேலைக்காக எட்டு மாதம் காத்திருந்தார். பிறகு சட்டி பானையைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டார்.

அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. நான்கு வயதாகியும் இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு ஈயம் என்றார்.

"அன்னிக்கு போன் பண்ணினா," என்றாள் தையற்காரம்மா. "விஷயத்தைச் சொல்லிட்டு, 'அக்கா, உங்க தெரு இப்ப சுத்தமா இருக்கு இல்ல?'ன்னு கேட்டா. வெச்சுட்டா. ரெண்டு வருஷமாச்சு, நான் கூப்பிட்டா எடுக்கிறதில்ல."

பெண்ணின் கண்கள் கலங்கியிருந்தன. "இதைக் கண்டிப்பா வைப்பேம்மா," என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

தபால்காரர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"அதை இன்னிக்குத்தான் சொல்லணுமாம்மா?"

"நான் பொய்யா சொன்னேன்?"

"பொய்யின்னு யாரு சொன்னா? காலம் பூரா ஊர்ல இருக்கிறவங்களுக்கு வந்த நல்ல சேதியைத்தான் தூக்கிட்டு அலைஞ்சேன். எனக்குன்னு வந்தது அந்த ஒண்ணுதான். அதையும் பிரிச்சு உள்ள என்ன இருக்குன்னு காட்டிட்டியே."

அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அடுத்த மாதம் நகரசபை மண்டபத்தில் கட்சி விழா. கட்சிக்கு இப்போது சட்டசபையில் எட்டு இடம். கூட்டணி ஆட்சியில் வாத்தியார் சுற்றுச்சூழல் அமைச்சர். பகல் பதினொரு மணிக்கே மண்டபம் நிரம்பிவிட்டது. விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். தபால்காரர் எதிர்க்கட்சிக்காரரைக் கிள்ளிய இடத்தில் கூரை அதிரச் சிரிப்பு. அடுத்து தையற்காரம்மா பச்சைத் துணியைத் தைத்தாள். கட்டிப் பிடிச்சு அழுதோம், சந்தோஷத்துலதான், பிள்ளைங்க நல்லா மூச்சு விடும்னு அவ சொன்னா. அத்தோடு இசை எழும்பி, ஆற்றின் மேல் ஒரு கொக்கு பறந்தது.

சுற்றியிருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவளுக்குக் காது மடல் கொதித்தது. தான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவர்கள் மாற்றவில்லை. நிறுத்திய இடம்தான் வேறு.

வாசலில் அந்தப் பெண் வழி மறித்தாள். "நான் வெச்சிருந்தேம்மா. மேல இருந்து எடுக்கச் சொல்லிட்டாங்க. நேரம் பத்தலையாம்."

"கொக்குக்கு நேரம் இருந்ததே," என்றாள் தையற்காரம்மா.

அமைச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அக்கா! நீங்க இல்லாம நான் ஏது?" என்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரே, அந்த ஆலை இன்னும் ஓடுது."

அவர் சிரிப்பு மாறவில்லை. "தெரியும்க்கா. அப்ப அது நம்ம எல்லைக்கு வெளிய. ஒரு நகரசபை உறுப்பினரால என்ன செய்ய முடியும்?"

"இப்ப மாநிலம் பூரா உங்க எல்லைதானே?"

"இப்ப கூட்டணி இருக்கே. தொழில் துறை அவங்க கையில. கொஞ்சம் பொறுமையா இருங்க."

"அப்ப எல்லை, இப்ப கூட்டணி. இருபத்திரண்டு வீட்டுல நான் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன். அவங்ககிட்ட போய் நான் எதைச் சொல்ல?"

அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். ஒரு கணம் பழைய வாத்தியாரின் களைத்த முகம் தெரிந்தது. "அந்த வாக்கைக் குடுக்கலைன்னா ஜெயிச்சிருக்க மாட்டோம்க்கா. ஜெயிக்கலைன்னா ஆலை இங்கயே இருந்திருக்கும். உங்க தங்கச்சி குழந்தை இங்கயே இதே மாதிரி பொறந்திருக்கும். நான் ராத்திரி தூங்காம யோசிச்சுப் பார்த்ததுதான் இது."

அது அவளுக்குத் தோன்றாத கணக்கு. சரியாகவும் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. சரியாக இருந்துவிட்டால் யாரையும் திட்ட முடியாதே. அவள் வாயைத் திறப்பதற்குள் யாரோ இருவரையும் சேர்த்து நிற்க வைத்துப் புகைப்படம் எடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே அவள் பஸ் ஏறினாள். மலையைச் சுற்றி இறங்கியதும் புகைபோக்கி தெரிந்தது. வழி கேட்கவே தேவைப்படவில்லை.

கதவைத் திறந்த தங்கை அக்காவின் காலைப் பார்த்தாள். பிறகு, "செருப்பை வெளிய விடு. தெருப் புழுதி உள்ள வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு," என்றாள். தங்கை கணவர் இரவு வேலை முடிந்து வந்து, கொல்லைக் குழாயடியில் தலையோடு குளித்துக்கொண்டிருந்தார். குளித்து, துணி மாற்றிய பிறகுதான் அவர் குழந்தையைத் தொடுவாராம். ஆறு வயதுக் குழந்தை, பார்ப்பதற்கு நான்கு வயதுபோல, தரையில் உட்கார்ந்து மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. "பெரியம்மா வந்திருக்காங்க பாரு," என்று தங்கை சொன்னாள். அது பார்க்கவில்லை.

தையற்காரம்மா விழாவையும் படத்தையும் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள். வாத்தியார் சொன்னதையும் சொன்னாள்.

"போன வாரம் இங்கயும் வந்தாங்க, உங்க கட்சிக்காரங்க," என்றாள் தங்கை, காய்ந்த துணியை மடித்தபடி. "வரப்போற ஊராட்சித் தேர்தல்ல, இந்த ஊர்ல முதல் தடவையா நிக்கிறாங்களாம். ஆலையை விரட்டுவோம்னாரு ஒரு பையன். எந்த ஊருக்குன்னு கேட்டேன். எந்த ஊருக்குன்னா என்னம்மான்னு முழிக்கிறாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஓட்டுப் போடறேன்னு சொன்னேன்."

தையற்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"வேற யாருக்குப் போடச் சொல்ற?" தங்கையின் குரல் உடைந்தது. "மத்தவங்க விரட்டறேன்னு பொய்கூடச் சொல்லல அக்கா."

குழாயடியில் தண்ணீர் நின்றது. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவருக்குத் துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஊரில் கட்சி தோற்றது, நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில். முடிவு வந்த அன்று மாலை தையற்கடை போன் அடித்தது. "தோத்துட்டாங்கக்கா," என்றாள் தங்கை. சந்தோஷமா வருத்தமா என்று குரலில் பிடிபடவில்லை. தையற்காரம்மாவுக்குத் தன் மனமும் பிடிபடவில்லை.

"பாப்பாவுக்கு ரெண்டு கவுன் தைக்கணும்," என்றாள் தங்கை. "இருக்கிறதெல்லாம் தொளதொளன்னு இருக்கு. அவ வயசுக்கு வாங்கினது."

"அளவு சொல்லு," என்று தையற்காரம்மா பென்சிலைத் தேடினாள்.