சறுக்கத் தெரியாதவளின் விடுமுறை

போன அறுவடைத் திருநாளன்று, நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டியின் முன்னால் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்த யோன்சிலிடம், அவள் கணவன் சாங்பில் தன் பெருந்தன்மையை அறிவித்தான்.

"வர்ற புத்தாண்டுக்கு நீ அடுப்புப் பக்கமே போகவேணாம். மொத்தக் குடும்பமும் பனிச்சறுக்குக்குப் போறோம். உனக்காகத்தான்."

கூ குடும்பத்தின் இளைய தலைமுறையில் சறுக்கத் தெரியாத ஒரே ஆள் யோன்சில். அந்தப் பெருந்தன்மையில் இது ஒன்றுதான் சின்னக் குறை.

அவள் சறுக்கக் கற்றுக்கொள்ளாததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கல்யாணமான முதல் குளிர்காலத்தில் மகள் வயிற்றில் இருந்தாள். அடுத்த குளிர்காலத்தில் முதுகில் இருந்தாள். அதற்கடுத்த வருஷம் யாராவது ஒருத்தர் எல்லோருடைய கோட்டுகளையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு "அண்ணிக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று வீட்டில் தானாகவே ஒரு முடிவு ஆகிப்போனது. அவளைக் கேட்டவர் யாருமில்லை.

அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். அந்த மலையுச்சிக்குக் கேபிள் கார் போகிறது. உச்சியில் சுற்றிலும் கண்ணாடி வைத்த ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறதாம். "ஒரு மணி நேரம் போதுங்க. நான் மட்டும் மேல போய்ச் சும்மா உட்கார்ந்துட்டு வந்துடுறேன்."

"ஒரு மணி நேரம் என்ன, நாள் பூரா உட்காரு! யாரு கேக்கப்போறா?" என்றான் சாங்பில்.

யார் யார் கேட்பார்கள் என்பது காங்வொன் மலைக்கு வந்து சேர்ந்த பிறகு தெரிந்தது.

விடுதியின் வரவேற்பறையில் வண்ண வண்ணமாக ஒரு தாள் வைத்திருந்தார்கள். சறுக்காத விருந்தினர்கள் பொழுதைக் கழிக்க என்னென்ன இருக்கிறது என்று அதில் போட்டிருந்தது. வெந்நீர்க் குளியல், களிமண்ணில் கிண்ணம் செய்தல், புத்தக அறை, கேபிள் கார். பாவம், விடுதிக்காரர்களுக்கு அனுபவம் போதாது. கூ குடும்பத்தில் இதைவிடப் பிரமாதமான ஏற்பாடுகள் இருந்தன. முதல் நாள் காலையிலேயே யோன்சிலுக்கு உணவுக்கூடத்தில் ஒரு நீள மேசை ஒதுக்கப்பட்டது. மேசைமேல் எல்லோருடைய பைகள், கோட்டுகள், கொழுந்தனின் மனைவி ராஹியின் முகக் களிம்புகள். அவற்றின் நடுவே இவள். தட்டேந்தி இடம் தேடி வருகிறவர்களிடமெல்லாம் "ஆள் வராங்க, ஆள் வராங்க" என்று சாயங்காலம் வரை பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆள் வந்தது நிஜம்தான். வந்து, சாப்பிட்டு, ஈரக் கையுறைகளை அவள் மடியில் போட்டுவிட்டு மறுபடி போனது.

"அக்கா, நீங்க குடுத்துவச்சவங்க. கதகதன்னு உள்ளயே உட்கார்ந்திருக்கீங்க. மேல என்னா குளிருங்கறீங்க!" என்று ராஹி பெருமூச்சு விட்டாள். அவள் சறுக்கு உடையின் நிறத்துக்குத் தோதாகப் பல் துலக்கும் பிரஷ்கூட வாங்கி வந்திருந்தாள்.

இரண்டாம் நாள் வெளியில் வேலை. சரிவின் அடிவாரத்தில் நின்று, வருகிறவர்களையெல்லாம் போனில் படம் பிடிக்க வேண்டும். அவள் எடுத்ததைக் கொழுந்தன் சாங்ஹுன் போட்டுப் பார்த்து முகம் சுளித்தான்.

"என்ன அண்ணி, நான் விழுந்ததையே எடுத்திருக்கீங்க? வந்ததை எடுக்கக்கூடாதா?"

"தம்பி, நீங்க வந்ததே விழுந்துதான்."

சாங்ஹுனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்காத பாவத்துக்கு அவள் இன்னும் நான்கு தடவை அதே இடத்தில் நின்று எடுத்தாள். அதற்குள் கேபிள் காரை நிறுத்திவிட்டார்கள். "நாளைக்கு இருக்கே" என்றான் சாங்பில். நாளைக்குப் புத்தாண்டு. மத்தியானம் அறையைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். காலையில் போகாவிட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் என்பது என்னவென்று யோன்சிலுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் மாமியார் கார் டிக்கியைத் திறக்கச் சொன்னார். சறுக்குப் பலகைகளுக்குக் கீழே இருந்து அரிசிக் குக்கர், இரும்புத் தவா, படையல் பாத்திரங்கள், முன்னோர் பெயரெழுதி ஒட்டும் மரப்பலகை, மடக்கும் மேசை எல்லாம் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பலகைகள் மேலே, பாட்டன் பூட்டன்கள் கீழே.

"அத்தை, படையல் இந்த வருஷம் இல்லைன்னு அவர் சொன்னாரே?" என்றாள் யோன்சில்.

"அடுப்பு மூட்ட வேணாம்னுதான் சொன்னான். இங்க எங்க அடுப்பு இருக்கு? கரண்டு சட்டிதானே" என்றார் மாமியார். இந்தத் தர்க்கத்தை முறியடிக்க நாட்டில் வக்கீல் யாருமில்லை.

ராஹி தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னாள். "இப்பல்லாம் படையலை அப்படியே பெட்டியில போட்டு ரூமுக்கே கொண்டாந்து குடுக்கிறாங்க அத்தை. மீனு, முட்டையில தோய்ச்சுச் சுட்ட ஜோன், பழம் எல்லாம்..."

"கடை ஜோனை வச்சா உங்க தாத்தாவுக்குத் தெரியாமலா போகும்? நாக்கு அப்படி!" தாத்தா செத்து முப்பது வருஷம் ஆகிறது. நாக்கு மட்டும் இன்னும் கெட்டியாக இருக்கிறது.

"நான் வேணா காலையில உதவிக்கு வரட்டுமா அக்கா?" என்று ராஹி கேட்டாள். மனசாரத்தான் கேட்டாள். ஆனால் சரிவின் மேலே ஏற்றிப்போகும் முதல் லிஃப்டுக்கு டிக்கெட் ஏற்கனவே வாங்கியாகிவிட்டது என்று சாங்ஹுன் நினைவுபடுத்தினான். அதனால் யோன்சில் தனியாகவே விடியுமுன் எழுந்து, பூசணியையும் மீன் துண்டுகளையும் மாவில் புரட்டி முட்டையில் தோய்த்துத் தவாவில் அடுக்கினாள். புகை வந்தால் கூரையில் இருக்கும் மணி அலறும். ஆகவே சன்னல் இரண்டையும் திறந்துவைத்தாள். மலைக்காற்று நேராக அடுப்பங்கரைக்கு வந்தது. கணுக்கால் வரை நீண்ட பஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டு, அதற்குமேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றாள். முன்பக்கம் வெந்தது, பின்பக்கம் விறைத்தது. சன்னலுக்கு வெளியே, இன்னும் ஓடத் தொடங்காத கேபிள் கார் பெட்டிகள் கம்பியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அழுகை வந்தது. ஜோன் கருகிவிடும் என்பதால் அதைத் தள்ளிவைத்துவிட்டுத் திருப்பிப் போட்டாள்.

படையல் நேரம் வந்தது. மாமனார் மட்டும் சம்பிரதாய உடை. யோன்சிலின் மகள் உட்பட மற்றவர்கள் முடிந்த கையோடு ஓடுவதற்குத் தோதாகச் சறுக்கு உடையிலேயே வந்து நின்றார்கள். அவர்கள் விழுந்து கும்பிடும்போதெல்லாம் அந்தக் காற்சட்டைகள் சரக் சரக்கென்று சத்தம் போட்டன. ஆவிகள் உள்ளே வருவதற்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"ஊர் மாறி வந்திருக்கோமே, அவங்களுக்கு வழி தெரியுமா?" என்று மாமனார் கவலைப்பட்டார்.

"ஏழாவது மாடி, லிஃப்டுக்கு இடது பக்கம்னு நேத்தே வேண்டிக்கிட்டேன்ப்பா" என்றான் சாங்ஹுன். மாமனார் முறைத்தார்.

முன்னோர்கள் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று வாயைப் பார்க்கக்கூடாது. கரண்டியைப் புத்தாண்டு அரிசித் துண்டு சூப்பில் வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவர்கள் நாலு வாய் சாப்பிடும் நேரம் காத்திருக்க வேண்டும். புத்தாண்டுப் படையலில் மற்ற குடும்பங்கள் இதை விட்டுவிடுவது வழக்கம். கூ வம்சம் விடாது. ஊரில் என்றால் கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே தள்ளுகதவு உண்டு. இங்கே அடுப்பங்கரை, கூடம் எல்லாம் ஒன்றே. இருப்பது ஒரே ஒரு கதவு, வாசல் கதவு.

"எல்லாரும் வெளிய வாங்க" என்றார் மாமனார். எல்லோரும் காலுறையோடு நடைபாதைக்கு வந்தார்கள். யோன்சில் மட்டும் கடைசியாகத் தவாவை அணைத்துவிட்டு, வாசலில் காலில் அகப்பட்ட தன் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தாள். மாமனார் கதவைப் பயபக்தியோடு சாத்தினார்.

கதவு கிளிக் என்றது.

எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். முன்னோர்கள் நாலு வாய் சாப்பிட்டிருப்பார்கள் என்று தோன்றியதும், முறைப்படி மாமனார் மூன்று முறை இருமினார். உள்ளே வரப்போகிறோம் என்று ஆவிகளுக்குச் சொல்லும் இருமல் அது. பிறகு கைப்பிடியைத் திருகினார். மறுபடி இருமினார். அந்தக் கதவுக்கு இருமல் பழக்கமில்லை.

"அட்டை யாருகிட்ட?" என்றான் சாங்பில்.

அட்டைச் சாவி உள்ளே சுவரில், விளக்கு எரிவதற்காகச் செருகிய இடத்தில் பத்திரமாக இருந்தது.

"நீங்க யாருமே எடுக்கலையா?" என்று மாமியார் பொதுவாகக் கேட்டார். பொதுவாகக் கேட்டாலும் முகம் யோன்சில் பக்கம்தான் திரும்பியது. உடனே எல்லா முகங்களும் திரும்பின.

"நீதானே கடைசியா வந்தே" என்றான் சாங்பில். "போ, கீழ போய் வேற சாவி வாங்கிட்டு வா. உன் கால்லதான் பூட்ஸ் இருக்கு. சீக்கிரம்! சூப்பு ஆறிடும். முதல் லிஃப்டு போயிடும்."

யோன்சில் ஏப்ரனை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள். பூ வேலை செய்த அந்த ஏப்ரனை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் தோளில் போட்டுக்கொண்டான். அவள் லிஃப்டில் இறங்கினாள்.

வரவேற்பறைப் பெண் கேள்வியே கேட்கவில்லை. பெயரைச் சரிபார்த்துப் புது அட்டையை நீட்டினாள்.

"படையலா?"

"எப்படித் தெரியும்?"

"இன்னிக்கு நீங்க மூணாவது குடும்பம். அஞ்சாவது மாடித் தாத்தாவுக்கு இருமி இருமித் தொண்டையே கட்டிப்போச்சு." அந்தப் பெண் குனிந்து, "புத்தாண்டு வாழ்த்துகள். நல்லா ஓய்வெடுத்துட்டுப் போங்க" என்றாள்.

எல்லா விருந்தினர்களுக்கும் சொல்கிற வாசகம்தான். ஆனால் இந்த மூன்று நாளில் யோன்சிலிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. அவள் அட்டையைப் பிடித்தபடி நின்றாள். இடது பக்கம் லிஃப்ட். எதிரே கண்ணாடிக் கதவு, அதற்கு அப்பால் பனி, அதற்கு அப்பால் கேபிள் கார் நிலையம். இப்போது பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. மேலே போய்ச் சூப்பைச் சூடு பண்ணி, எல்லோருக்கும் ஊற்றி, பாத்திரம் கழுவி, மரப்பலகையைத் துணியில் சுற்றி, டிக்கி அடுக்கி... கணக்குப் போட்டுப் பார்த்தாள். கேபிள் காருக்கு அதில் இடமே இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். கோட்டுப் பையில் போன் இருந்தது. அதில் டிக்கெட்டுக்குப் பணம் இருந்தது.

பெட்டி தரையை விட்டுக் கிளம்பி பைன் மரங்களைத் தாண்டும்போது போன் அடித்தது.

"சாவி கிடைச்சுதா?" சாங்பில்.

"கிடைச்சுது."

"அப்ப எங்க இருக்கே? நடைபாதை ஐஸா இருக்கு. எதிர் ரூம்காரன் கதவைத் திறந்து எங்களை வேடிக்கை பாக்கிறான். அப்பா இன்னும் இருமிக்கிட்டிருக்கார்!"

"கேபிள் கார்ல இருக்கேன். சாவி என்கிட்டதான் இருக்கு. ஒரு மணி நேரத்துல வந்துடுறேன். அவசரம்னா நீங்களே கீழ போய் இன்னொண்ணு வாங்கிக்கோங்க."

"காலுறையோடயா? இந்த ஏப்ரனோடயா?"

"அதைக் கழட்டிட்டுப் போங்க."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பாட்டன் பூட்டன் எல்லாம் உள்ள உட்கார்ந்திருக்காங்கடி!"

"உட்காரட்டும். அவங்க முன்னாடி சாப்பாடு இருக்கு. நான்தான் இன்னும் சாப்பிடலை."

பின்னால் மாமியாரின் குரல் உயர்ந்தது, ராஹியின் குரல் ஏதோ சமாதானம் சொன்னது, பிறகு அந்த ராஹியே அடக்க முடியாமல் சிரித்துவிட்டது கேட்டது. யோன்சில் போனை அணைத்தாள். பயமாகத்தான் இருந்தது. மத்தியானம் காரில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மூன்று மணி நேரப் பயணம், ஒருத்தரும் பேசமாட்டார்கள். அதை நினைத்தபோது, அதுவும் ஒரு விதத்தில் ஓய்வுதானே என்று தோன்றியது.

உச்சிக் கடை நிஜமாகவே கண்ணாடியால் ஆனதுதான். எல்லா மேசையும் காலி. கீழே சரிவுகளில் வண்ணப் புள்ளிகள் வழுக்கிக்கொண்டிருந்தன. அவற்றில் கூ குடும்பம் மட்டும் இல்லை. அடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அரிசித் துண்டு சூப்பு சூடா இருக்கு. எத்தனை கிண்ணம்?"

யோன்சிலின் வாய், பழக்க தோஷத்தில், "ஏழு" என்று ஆரம்பித்துவிட்டது. அம்மாள் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை.

"மத்தவங்க வராங்களா?"

"இல்லை" என்றாள் யோன்சில். சன்னலோரம் இருந்த பெரிய மேசையாகப் பார்த்து உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் கோட்டைக் கழற்றிப் போட்டாள். "ஒரு கிண்ணம். எனக்கு மட்டும்."