கணவர் பெயரைச் சொல்லுங்கள்

சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் கிடந்த செல்போன் திடீரென்று அலறியது. தேவானையின் கையிலிருந்த கரண்டி நழுவி சட்னிக்குள் விழுந்தது.

தட்டு கழுவிக்கொண்டிருந்த பொன்னுரங்கம் ஈரக் கையோடு எழுந்து எட்டிப் பார்த்தார்.

"பேங்க்குதான். வீடியோ கால். முந்தானைய இழுத்து வுடு."

"நீ எடு மாமா."

"நான் எடுத்தா என் மூஞ்சிதான தெரியும்? கணக்கு உன் பேர்லதான கேட்டுக்கீது."

மேற்கு மாம்பலத்தில் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில், தள்ளுவண்டியில் இருவரும் இட்லி விற்கிறார்கள். அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை அரசாங்கம் இடித்துவிட்டு பெரும்பாக்கத்தில் மாடி வீடு கொடுத்த பிறகும், விடியுமுன் பஸ் பிடித்து இந்தச் சந்துக்கே வந்துவிடுவார்கள். வாடிக்கை அப்படி. ஆனால் அந்த வாடிக்கைதான் இப்போது எதிர்க்கடைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. ரயில் இறங்கி வரும் பிள்ளைகள் யார் பையிலும் சில்லறை இல்லை. "ஸ்கேன் இருக்காக்கா?" என்பார்கள். இல்லை என்றால் சிரித்துக்கொண்டே எதிரே போய்விடுவார்கள்.

ஸ்கேன் ஸ்டிக்கர் வேண்டுமென்றால் வங்கிக் கணக்கு வேண்டும். வண்டிக்கான மாநகராட்சி அட்டை தேவானை பேரில் இருப்பதால் கணக்கும் அவள் பேரில்தான் வேண்டுமாம். கிளைக்கே நேரில் போய்ப் பார்த்தாயிற்று. நாளெல்லாம் மாவிலும் ஆவியிலும் ஊறும் கை. ரேகை இயந்திரம் அவள் விரலை விரலாகவே ஒப்புக்கொள்ளவில்லை. சரி, வீடியோவில் முகம் காட்டிப் பேசினால் போதும் என்று அங்கிருந்தவர்கள்தான் அனுப்பிவைத்தார்கள்.

தேவானை போனை எண்ணெய் டின்னில் சாய்த்து வைத்து எதிரே நின்றாள். திரையில் ஓர் இளம்பெண்.

"வணக்கம்மா. நான் ஜெயபாரதி, பேங்க்லேர்ந்து பேசறேன். உங்க பேரு?"

"தேவானை."

"பொறந்த தேதி?"

"ஆதார்ல ஜனவரி ஒண்ணுன்னு போட்டுக்கீது. நெசமா எப்பன்னு எங்கம்மாவுக்கே தெரியாது."

ஜெயபாரதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அட்டையில இருக்கறது போதும்மா. கணவர் பேரு?"

தேவானை வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் சொல்ல வந்தார்.

"சார், நீங்க சொல்லக் கூடாது. பக்கத்துலேர்ந்து யாராவது சொல்லித் தந்தா நான் ரிஜெக்ட் பண்ணியாகணும். அம்மாவே சொல்லட்டும்."

"அது வந்தும்மா..." தேவானை புடவை நுனியை முறுக்கினாள். "ஸ்ரீரங்கத்துல படுத்துக்கினு கீறாரு இல்ல, பெருமாளு? அவரு பேருக்கு முன்னால தங்கத்த சேத்துக்கோயேன்."

"தங்கரங்கமா?"

"தங்கத்துக்கு இன்னொரு பேரு கீதேம்மா, அது."

தட்டோடு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஜெயபாரதி சிரிக்கவில்லை.

"புரியுதும்மா. ஆனா இது ரெக்கார்டு ஆவுது. உங்க வாயால பேரு வரணும்."

அந்த நேரம் பார்த்துத் திரை உறைந்தது. அப்புறம் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. பக்கத்துத் தையல் கடை உம்மே ஹானி அதைப் படித்துச் சொன்னாள்.

"சரிபார்ப்பு முடியலயாம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள இன்னொரு தபா கூப்புடுவாங்களாம். அதுவும் ஆவலன்னா மனு கேன்சல். மறுபடி பேங்க்குக்குத்தான் போவணும்."

"அந்த ரேகை மெஷின் கிட்டயா?" என்றாள் தேவானை சோர்ந்துபோய்.

"ஒரே ஒரு பேருதானக்கா. சொல்லிட்டுப் போயேன். எங்க மாமியாரும் இப்படித்தான். மாமனார கடைசி வரைக்கும் 'ரெஹான் அத்தா'ன்னு புள்ள பேர வெச்சுத்தான் கூப்புட்டுது. பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னா, இந்த லோன் குடுக்கறவனுங்க தெனம் போன்ல பேரச் சொல்லிக் கூப்புடறாங்களே, ஊருல ஒரு ஆம்பள மிஞ்சியிருப்பானா?"

பொன்னுரங்கம் சிரித்தார். தேவானைக்குச் சிரிப்பு வரவில்லை.

தாலி ஏறிய அன்று அம்மா காதில் சொன்னது அது: பேரை மட்டும் வாயால் எடுத்துவிடாதே. மற்றபடி தேவானை பெரிய பயந்தாங்கொள்ளி இல்லை. குடித்துவிட்டு வந்து வம்பு செய்பவனைக் கரண்டியாலேயே விரட்டியிருக்கிறாள். ஆனால் போன ஆடியில் பொன்னுரங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியிலேயே சரிந்தார். பெரியாஸ்பத்திரியில் பேர் கேட்டபோது, அழுதுகொண்டே ரேஷன் அட்டையைத்தான் நீட்டினாள். அவர் பிழைத்து வந்ததில் டாக்டரின் ஊசி பாதி, தன் வாய்க்கட்டு பாதி என்று நம்பினாள். இந்தப் பாதியை ஒரு ஸ்டிக்கருக்காக எப்படி விட்டுக் கொடுப்பது?

மத்தியானம் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் காலை இட்லி அப்படியே இருந்தது. எதிர்க்கடையில் நாற்காலி போதவில்லை.

"வேணான்னா வுடு தேவானை," என்றார் பொன்னுரங்கம். "ஒனக்கு மனசு ஒப்பலன்னா வேணாம். நந்தனத்துல ஒரு ஆபீசுக்கு நைட் வாட்ச்மேன் கேக்கறாங்களாம். நான் போறேன். இத நீ ஒண்டியா பாத்துக்க."

"டாக்டரு இன்னா சொன்னாரு? ராத்திரி கண்ணு முழிக்கக் கூடாதுன்னு சொல்லல?"

"சொன்னாரு. வூட்டுச் செலவுக்கு அவரா குடுக்கப் போறாரு? உக்காந்துக்கினு பாக்கற வேலதான."

தேவானை அவரைப் பார்த்தாள். வாளியைத் தூக்கி வைத்ததற்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பேரைச் சொன்னால் ஆகுமோ ஆகாதோ, அது சாமிக்குத்தான் தெரியும். இந்த உடம்போடு ராத்திரி ராத்திரி கண் விழித்தால் என்ன ஆகும் என்பது அவளுக்கே தெரியும்.

எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, குங்குமத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை உம்மே ஹானி தன் கடைக்குள்ளேயே இடம் ஒழித்துக் கொடுத்தாள். சுவரும் வெளிச்சமும் நன்றாக இருந்தன, சிக்னலும் கிடைத்தது. பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்பதால் அவளும் பொன்னுரங்கமும் வெளியே வந்து, அளவு எடுக்கும் இடத்துத் திரைச்சீலையை இழுத்து மூடினார்கள்.

அதே ஜெயபாரதிதான். பேர், தேதி, அட்டை எல்லாம் முடிந்தது.

"கணவர் பேரும்மா?"

"ஏம்மா, நீ உன் வூட்டுக்காரர பேரு சொல்லிக் கூப்புடுவியா?"

"சண்ட போடும்போது கண்டிப்பா கூப்புடுவேம்மா," என்றாள் ஜெயபாரதி. குரல் தணிந்திருந்தது. "எங்கம்மா கூப்புட மாட்டாங்க. அதனால உங்களுக்கு எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியுது. நான் வெயிட் பண்றேன். நிதானமா சொல்லுங்க."

தேவானை தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணை இறுக மூடினாள்.

"கண்ணத் தொறந்துக்கோங்கம்மா. முகம் தெரியணும்."

திறந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கல. கொஞ்சம் சத்தமா."

"பொன்னுரங்கம்," என்றாள் தேவானை.

சொன்னதும் வெளியே காது கொடுத்தாள். ஒரு சத்தமும் இல்லை.

"ரொம்ப நன்றிம்மா. முடிஞ்சுது. ரெண்டு நாள்ல கணக்கு வந்துரும்."

அது அவள் காதில் எங்கே விழுந்தது? போனை மேசையிலேயே விட்டுவிட்டுத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். உம்மே ஹானி சந்து முனையில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். பொன்னுரங்கம் கடைப் படியில் அந்தப் பக்கமாகத் திரும்பி, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோளில் கிடந்த துண்டு இப்போது முகத்தில் இருந்தது.

"மாமா! இன்னா ஆச்சு? நெஞ்சு வலிக்குதா? நான் அப்பவே சொன்னேன்..."

இல்லை என்று தலையாட்டினார். துண்டை எடுத்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார், கூச்சத்தோடு, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி.

அவள் அவர் மார்பில் கை வைத்துப் பார்த்தாள். துடிப்பு ஒழுங்காக இருந்தது. பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று இருவருக்குமே தோன்றவில்லை.

வேறெங்கோ பார்த்தபடி அவர் கேட்டார்.

"அந்தப் பொண்ணு நாளைக்கும் ஒரு தபா கேக்குமா தேவானை, உம் புருசன் பேரு இன்னான்னு?"